மருந்துப் பெட்டியை மூடிவிட்டுக் கப்பலேறியவர்

"பெரியவளானதும் என்னவாகப் போகிறாய்?" இந்தக் கேள்வியைக் கேட்காத மாமா இல்லை, அத்தை இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா இல்லை. மூன்று வயதில் கேட்டார்கள். "தாக்தர்" என்று மழலையில் சொன்னோம். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று கைதட்டு வாங்கித் தந்த அதே விடையைப் பதினைந்து வயதிலும் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

இவ்வாண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியை ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து, வருங்காலத்தில் என்னவாக விரும்புகிறோம் என்று எழுதச் சொன்னார்கள். வகுப்பில் நாங்கள் 46 பேர். அதில் 31 பேர் 'டாக்டர்' என்று எழுதியிருந்தோம். ஆசிரியை ஆக விரும்பியவர்கள் 6 பேர், பொறியாளர் 4 பேர். இருவர் துறவறம் என்று எழுதியிருந்தார்கள் (எழுதுவதற்கு முன் சன்னல் வழியே தலைமைச் சகோதரி வருகிறார்களா என்று பார்த்துக் கொண்டது எங்களுக்குத் தெரியும்). ஒருத்தி போலீஸ் அதிகாரி, ஒருத்தி விமான ஓட்டி. எஞ்சிய ஒருத்தி வெறுந்தாளையே மடித்துக் கொடுத்துவிட்டாள்.

"ஒரே வகுப்பில் 31 டாக்டர்கள் என்றால் நோயாளிகளுக்கு நான் எங்கே போவேன், பிள்ளைகளே?" என்று ஆசிரியை கேட்க, வகுப்பே சிரித்தது. வெறுந்தாள் கொடுத்தவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கதையைப் பின்னால் சொல்கிறோம்.

அக்டோபரில் ஒரு மழை நாள். உடற்பயிற்சி வகுப்பு நின்று போனதால் நூலகத்திற்கு அனுப்பப்பட்டோம். பூட்டிய கண்ணாடி அலமாரியில் பழைய ஆங்கில நாவல்கள் சில உண்டு. அவற்றுள் சாமர்செட் மாம் எழுதிய 'தி மூன் அண்ட் சிக்ஸ்பென்ஸ்' என்ற நாவலை எங்களில் ஒருத்தி கேட்டாள். நூலகத்தைக் கவனிக்கும் சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார்கள். "இது உங்களுக்கு இப்போது வேண்டாம். இதற்குள் ஒரு சின்னக் கதை இருக்கிறது. அதை நானே சொல்கிறேன், உட்காருங்கள்" என்றார்கள். மழை விடும்வரை சொன்னார்கள். அந்த மழை விட்டும் அக்கதை எங்களை விட்டபாடில்லை.

கதை இதுதான். லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஆபிரகாம் என்றொரு மாணவன். எல்லாப் பரிசுகளையும் தட்டிச் சென்றவன். படிப்பு முடிந்ததும் அம்மருத்துவமனையிலேயே நிலையான பதவி கிடைக்கிறது. செல்வமும் பட்டமும் பின்னால் வரப்போவது உறுதி. பதவி ஏற்குமுன் சிறிது விடுமுறை எடுக்கிறான். கையில் காசில்லாததால் ஒரு சரக்குக் கப்பலில் கப்பல் வைத்தியனாகவே போகிறான். கப்பல் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் நிற்கிறது. வெயிலில் மினுங்கும் வெள்ளை நகரத்தையும் துறைமேடைக் கூட்டத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்குத் திடீரென்று சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது போன்ற உணர்வு. கப்பலை விட்டு இறங்குகிறான். பதவி வேண்டாம் என்று கடிதம் எழுதிப் போட்டுவிடுகிறான்.

அந்தப் பதவி அடுத்த இடத்தில் இருந்த கார்மைக்கேல் என்பவனுக்குப் போகிறது. அவன் பெரிய வீடு, அழகிய மனைவி, 'சர்' பட்டம் எல்லாம் பெறுகிறான். பல ஆண்டுகள் கழித்துக் கதை சொல்பவர் அலெக்சாந்திரியாவில் ஆபிரகாமைச் சந்திக்கிறார். நைந்த உடை, சொற்ப வருமானம். கப்பல்களில் ஏறித் தொற்று நோய் உண்டா என்று சோதிக்கும் சுகாதார வைத்தியராக இருக்கிறார். "வருந்துகிறாயா?" என்றால் ஒரு நிமிடம்கூட இல்லை என்கிறார். லண்டனுக்குத் திரும்பினால், கார்மைக்கேல் "பாவம், வாழ்க்கையைப் பாழாக்கிக் கொண்டான்" என்று அவருக்காக இரங்குகிறார்!

சிஸ்டர் அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் அலமாரியைப் பூட்டிவிட்டார்கள். அன்று மதியம் வேப்பமரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! பாதிப் பேர் ஆபிரகாம் கட்சி, பாதிப் பேர் கார்மைக்கேல் கட்சி. "கார்மைக்கேல் எத்தனை உயிரைக் காப்பாற்றியிருப்பார், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?" என்றது ஒரு குரல். "அலெக்சாந்திரியாவில் இருப்பவை உயிர்கள் இல்லையா? கப்பலில் வரும் காலராவை யார் தடுப்பது?" என்றது மற்றொன்று. மணி அடித்துவிட்டது. தயிர்சாதம் அப்படியே இருந்தது.

இதை எழுதிய மாமும் ஒரு டாக்டர்தான் என்பதைப் பிறகு அறிந்தோம். அதனால்தான் இக்கட்டுரை.

மாம் 1874-ல் பாரிஸ் நகரில், ஆங்கிலத் தூதரகக் கட்டிடத்திலேயே பிறந்தவர். எட்டு வயதில் தாயையும் பத்து வயதில் தந்தையையும் இழந்தார். இங்கிலாந்தில் விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரில் குருவாக இருந்த சிற்றப்பாவிடம் வளர்ந்தார். பிரெஞ்சு பேசி வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடுமாறும். போதாததற்குத் திக்குவாய். பள்ளியில் எவ்வளவு கேலி நடந்திருக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1892-ல் அதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அந்த மருத்துவமனை தேம்ஸ் நதிக்கரையில், பாராளுமன்றத்திற்கு நேர் எதிர்க்கரையில் இருக்கிறது. முன்வாசலில் பாராளுமன்றம், பின்வாசலில் லேம்பெத் என்னும் ஏழைக் குடியிருப்பு. நம் ஊர்களிலும் பெரிய மருத்துவமனைகள் பல இப்படித்தானே இருக்கின்றன.

பிரசவம் பார்க்கப் பழகும் மாணவர்களை லேம்பெத் சந்துகளுக்கு அனுப்புவார்கள். இரவில் யாராவது ஓடிவந்து அழைப்பார்கள். போலீஸ்காரர்களே நுழையத் தயங்கும் இடங்களில் கையிலிருக்கும் கறுப்புப் பெட்டி அவர்களைக் காக்கும். டாக்டர் பெட்டி வைத்திருப்பவனை யாரும் தொடமாட்டார்கள். மூன்று வாரங்களில் 63 பிரசவங்கள் பார்த்தாராம் மாம். வகுத்துப் பார்த்தோம். நாளொன்றுக்கு மூன்று. எப்போது தூங்கினார், எப்போது உண்டார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அங்கே கண்டதைக் கொண்டு 'லைசா ஆஃப் லேம்பெத்' என்ற நாவலை எழுதினார். 1897-ல் அது வெளிவந்து நன்றாக விற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவப் பட்டமும் பெற்றார். பட்டத்தை வாங்கி வைத்துவிட்டு, ஒரு நாள்கூடத் தொழில் நடத்தாமல், ஸ்பெயின் தேசத்திற்குப் புறப்பட்டுவிட்டார்!

ஆகா, என்ன துணிச்சல் என்று முதலில் கைதட்டினோம். பிறகுதான் விவரங்கள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. தந்தை விட்டுச் சென்ற சொத்திலிருந்து ஆண்டுக்கு 150 பவுன் அவருக்கு வந்து கொண்டிருந்தது. சொகுசாக வாழ அது போதாது, பட்டினி கிடக்காமல் இருக்கப் போதும். அவருக்காக நகையை அடகு வைத்த அம்மா யாரும் இல்லை. வருவாய் வரும் என்று காத்திருந்த தங்கையும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த பத்தாண்டுகள் அவருக்குப் பெயரும் இல்லை, பணமும் அதிகம் இல்லை. நாடகம் எழுதி எழுதி மேலாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1907-ல் ஒரு நாடகம் வெற்றி பெற்றது. 1908-ல் ஒரே சமயத்தில் அவருடைய நான்கு நாடகங்கள் லண்டனில் நடந்தன. இந்த நான்கு நாடகங்களை எல்லோரும் சொல்லுகிறார்கள். அதற்கு முந்திய பத்து ஆண்டுகளைச் சொல்லுவோர் குறைவு.

அதன்பின் அவர் போன நாடுகளைப் பூகோளப் பாடம் போல் ஒப்பிக்கலாம். 1916-ல் பசிபிக் கடல் தீவுகள். அங்கே தாகித்தி தீவில் ஒரு குடிசைக் கதவில் ஓவியர் கோகன் வரைந்திருந்த படத்தைக் கண்டு கதவையே விலைக்கு வாங்கி வந்துவிட்டார். 1919-ல் சீனா. பிறகு மலாயா, பர்மா, சயாம். 1938-ல் இந்தியா. இந்தியாவில் அவர் வந்த இடங்களுள் நம் திருவண்ணாமலையும் ஒன்று என்பதை அறிந்து துள்ளிக் குதித்தோம்.

அங்கே ரமணரைக் காண வந்தவர், வந்த இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். அறையில் படுத்திருந்தவரை ரமணரே வந்து பார்த்தார். இந்தச் செய்தி பரவப் பரவ, ஆங்கில எழுத்தாளர் சமாதி நிலை அடைந்தார் என்று பேச்சு எழுந்துவிட்டது. மாம் என்ன சொன்னார் தெரியுமா? தமக்கு இப்படி மயக்கம் வருவது வழக்கம், அதற்கு உடலில் காரணம் உண்டு என்று எழுதினார். ரமணரிடம் அவர் கொண்ட மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. 1944-ல் எழுதிய 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் ஞானிக்கு அந்தச் சந்திப்பே வித்து. ஆனால் நடக்காத அற்புதத்தைத் தம் பெயரில் எழுதிக் கொள்ள அவர் இசையவில்லை. மருத்துவத்தை விட்டு நாற்பது ஆண்டுகள் ஆகியும், நோயாளியின் குறிப்பேட்டை உள்ளபடி எழுதும் பழக்கம் அவரை விடவில்லை! எங்களுக்கு அவரிடம் மிகப் பிடித்த இடம் இதுதான். உலகம் சுற்றியதைவிட இதையே பெரிதாக எண்ணுகிறோம்.

இன்னொரு வேடிக்கை. 1915-ல் வெளிவந்த 'ஆஃப் ஹியூமன் பாண்டேஜ்' அவர் தம் இளமையை வைத்தே எழுதிய நாவல். அதில் வரும் மருத்துவ மாணவன் பிலிப் கேரியும் ஸ்பெயினுக்கும் கீழ்த்திசை நாடுகளுக்கும் போகக் கனாக் காண்கிறான். கடைசியில் என்ன செய்கிறான்? கனவைச் சுருட்டி வைத்துவிட்டு, ஒரு நல்ல பெண்ணை மணந்து, கடலோரச் சிற்றூரில் வைத்தியம் பார்க்க இசைகிறான். தாம் செய்ததற்கு நேர்மாறாகத் தம் கதாநாயகனைச் செய்ய வைத்தவர், அதையும் மகிழ்ச்சியான முடிவாகவே எழுதியிருக்கிறார். அப்படியானால் போகாமல் இருந்துவிட்ட வாழ்க்கையை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கொண்டிருந்தார் என்றுதானே பொருள்? முதுமையில், மருத்துவத்தை அவ்வளவு சீக்கிரம் விட்டது முட்டாள்தனம், இரவில் எழுதிப் பகலில் வைத்தியம் பார்த்திருந்தால் அந்தப் பணக் கஷ்டம் இருந்திராது என்று அவர் சொன்னதாகப் பழகியவர் எழுதி வைத்திருக்கிறார். இதை வாசித்தபோது ஆபிரகாம் கட்சியினர் முகம் வாடியது உண்மை.

கார்மைக்கேல் கட்சியும் அதிக நேரம் மகிழ முடியவில்லை. போகவும் வேண்டும், விடவும் கூடாது என்றால் வழியில்லையா? உண்டு என்று காட்டியவர் ருஷ்ய எழுத்தாளர் செக்காவ். அவரும் டாக்டர். 1890-ல் தம் உடல்நலம் சரியில்லாத நிலையிலும், குதிரை வண்டியிலும் படகிலுமாகச் சைபீரியாவைக் கடந்து, கைதிகளைக் குடியேற்றிய சகாலின் தீவுக்குப் போனார். மூன்று மாதம் தங்கி, வீடு வீடாகச் சென்று, சுமார் 10,000 பேரின் விவரங்களை அட்டைகளில் குறித்தார். அது பயணமா, வைத்தியமா? இரண்டும்தான்.

இங்கே எங்கள் மனத்தை உறுத்திய ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. மருத்துவத்தை விட்டுக் கப்பலேறியவர்களைத் தேடினால் ஆண்கள் கிடைக்கிறார்கள். பெண்களைத் தேடினால் கப்பல் எதிர்த் திசையில் போகிறது! ஆனந்திபாய் ஜோஷி 1883-ல் கல்கத்தாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது மருத்துவம் படிப்பதற்காக. பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்து நாளில் பறிகொடுத்தவர் அவர். 1886-ல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1887 பிப்ரவரியில், 22 வயது நிறைவதற்குள், காச நோயால் காலமானார். ஒரு நோயாளிக்கேனும் நம் நாட்டில் வைத்தியம் பார்க்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை.

ஐடா ஸ்கட்டர் அம்மையாரோ டாக்டர் ஆகவே விரும்பாதவர். ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்து, 1890-ல் நோயுற்ற தாயைப் பார்த்துக் கொள்ளத் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று கணவன்மார் தத்தம் மனைவியின் பிரசவத்திற்கு உதவி தேடி வந்தனர். ஐடாவின் தந்தை டாக்டர்தான், ஆனாலும் ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அமெரிக்காவுக்குத் திரும்பி 1899-ல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். அந்த மருத்துவமனை இன்று எப்படி இருக்கிறது என்பதை நாம் அறிவோம். எங்களில் இருவர் பிறந்ததே அங்கேதான்.

ஆகவே எங்கள் பாட்டிமார்களுக்கு மருத்துவம் என்பது திறக்காத கதவு. எங்களுக்கு அது திறந்திருக்கிறது. திறந்த கதவுக்குள் போய்த்தான் தீர வேண்டும் என்று தள்ளுகிறார்களே, அங்கேதான் எங்கள் சங்கடம். "எத்தனை பேர் கண்ணீர் விட்டுத் திறந்த கதவு, நீ அலட்சியமாக வெளியே வருகிறாயா?" என்றால் என்ன பதில் சொல்வது? பதில் இல்லைதான். ஆனாலும், வெளியே வரவே முடியாத அறை ஒன்று இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

நன்னெறி வகுப்பில் இதைக் கேட்டபோது எங்கள் சிஸ்டர் வேதாகமத்தைத் திறந்து, எதிர்பாராத ஒருவரைக் காட்டினார்கள். புனித லூக்கா! கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் சின்னப்பர் அவரை அன்புக்குரிய மருத்துவர் என்று குறிப்பிடுகிறார். திருத்தூதர் பணிகள் நூலை அவரே எழுதினார் என்பது திருச்சபை மரபு. அந்நூலில் 'அவர்கள் போனார்கள், அவர்கள் வந்தார்கள்' என்று போய்க் கொண்டிருக்கும் கதை, துரோவா பட்டணத்தில் திடீரென்று 'நாங்கள் கப்பலேறினோம்' என்று மாறுகிறது. அந்த இடத்தில் மருத்துவர் ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டார் என்பது பொருள். உரோமைக்குப் போகும் வழியில் புயலில் கப்பல் உடைந்து, 276 பேரும் மால்தா தீவில் கரையேறுகிறார்கள். தீவின் தலைவருடைய தந்தை நோயாகக் கிடக்கிறார். வெறுமனே 'நோய்' என்று எழுதாமல் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் என்று குறித்திருக்கிறதே, அது யார் கண்ணுக்குத் தெரியும் என்று சிஸ்டர் கேட்டார்கள். நாங்கள் அனைவரும் ஒரே குரலில் "டாக்டர்!" என்றோம். (இக்கட்டுரையிலும் 'நாங்கள்' என்றே எழுதுவது என்று அன்றுதான் முடிவு செய்தோம்.)

இனி, வெறுந்தாள் கொடுத்தவள் கதை.

அவளுடைய அக்கா நம் பள்ளியின் பழைய மாணவிதான். பரிசளிப்பு விழாவில் கோப்பை வாங்கும் படம் இன்றும் மாடிப்படி அருகே தொங்குகிறது. பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு, அக்காவும் தங்கையும் இதை எழுத இசைவு தந்திருக்கிறார்கள். அவர்கள் அப்பா ஒரு அலுவலகத்தில் எழுத்தர். அக்கா மருத்துவம் படிக்கச் சொந்த ஊரில் இருந்த இரண்டு ஏக்கரை விற்றார். அக்கா ஐந்தரை ஆண்டுப் படிப்பையும் பயிற்சியையும் முடித்து, இரண்டு ஆண்டு ஒரு மருத்துவமனையில் இரவு பகலாக வேலை பார்த்து, மீதியிருந்த வங்கிக் கடனை அடைத்தார். மேற்படிப்புக்குத் தேர்வு எழுதுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தபோது, சென்ற ஏப்ரலில், முதுகுப் பை ஒன்றை வாங்கிக் கொண்டு, "நான் கொஞ்ச நாள் உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், அப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அப்பா அக்காவோடு பேசுவதில்லை. அலைபேசி அடித்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அம்மாவோ, கோவிலில் யாராவது கேட்டால், "வடக்கே கேம்புக்குப் போயிருக்கிறாள்" என்பார்கள். பொய் சொன்னதற்காகப் பாவசங்கீர்த்தனமும் செய்வார்கள் என்று தங்கை சொல்லிச் சிரித்தாள். சிரித்தவள் உடனே அழுதாள்.

ஏன் போனார் என்று நாங்கள் கேட்டோம். அக்கா தங்கையிடம் சொன்னது இவ்வளவுதான். ஒரு நாள் விடியற்காலை ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்திட்டாராம். அடுத்த கட்டிலுக்குப் போய், "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டாராம். அப்போது தம் மனத்தில் ஒன்றுமே இல்லை என்பது தெரிந்ததாம். "அழுகை வராதது எனக்குப் பயமாக இருந்தது. அது திரும்பி வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்" என்றாராம்.

இதைக் கேட்டபின் எங்கள் வேப்பமரத்தடிக் கட்சிகள் இரண்டும் கலைந்து போயின.

எங்கள் கருத்தைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்தை எடுத்தால் இன்னொருத்தி அதை இழக்கிறாள். அந்த இன்னொருத்தி ஏதோ ஒரு கிராமத்தில் நீட் தேர்வுக்கு இரண்டாம் முறை படித்துக் கொண்டிருக்கலாம். ஆகையால் கைதட்டுக்காக மட்டும் அந்த இடத்தில் போய் உட்காருவது தவறு என்று எண்ணுகிறோம். இப்படிச் சொல்லும்போது எங்கள் 31 துண்டுத் தாள்களையும் சேர்த்தேதான் சொல்லுகிறோம். அவற்றுள் எத்தனை தாள்கள் எங்களுடையவை, எத்தனை எங்கள் வீட்டாருடையவை என்று கேட்டுக் கொண்டதில் ஒன்பது பேர் தலையைக் குனிந்து கொண்டோம். தாலந்து உவமையைச் சொல்லிப் பெரியோர் எங்களைத் தூண்டுவதுண்டு. தாலந்தைப் புதைக்கக் கூடாதுதான். ஆனால் எது என் தாலந்து என்று தெரிந்தபின் அல்லவா புதைப்பதும் பெருக்குவதும்?

கடனை யார் தலையிலாவது வைத்துவிட்டுக் கிளம்புவதை எங்களால் ஏற்க முடியவில்லை. மாமுக்கு 150 பவுன் இருந்தது. அக்காவுக்கு இரண்டு வருட இரவுப் பணி இருந்தது. அக்கா கடனை அடைத்தார், பட்டத்தையும் முடித்தார், யாரையும் ஏமாற்றவில்லை. எனினும் இரண்டு ஏக்கர் நிலம் திரும்பவில்லையே! தாத்தா உழுத நிலம் அது. அப்பாவின் கோபம் மகளின் பயணத்தின் மேல் மட்டும் அல்ல, அந்த வரப்பின் மேலும்தான் என்று தங்கை சொன்னபோது நாங்கள் பேசாமல் இருந்தோம். பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலத்தை விற்பதற்குமுன் ஒரு முறை எங்களைக் கேளுங்கள். விற்றபின் கேட்டால் நாங்கள் "டாக்டர்" என்றுதான் சொல்லுவோம்.

அக்கா உலகம் சுற்றப் போனதாகப் பெயர். இன்னும் இந்தியாவையே தாண்டியபாடில்லை! அப்பா அலைபேசியை எடுப்பதில்லை என்பதால் மாதம் ஓர் அஞ்சலட்டை எழுதுகிறார். ஜூலையில் மணாலியிலிருந்து லே நகருக்குப் போகும் பேருந்தில் இருந்தாராம். அந்தச் சாலை 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லங் லா கணவாயைத் தாண்டிப் போகிறது. கணவாய் உச்சியில் படம் எடுக்கப் பேருந்தை நிறுத்தச் சொன்னார்கள் பயணிகள். பின் இருக்கையில் சமவெளியிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு மூச்சு வாங்கிக் கொண்டிருந்தது, பேச்சும் தடுமாறியது. அக்கா எழுந்து, நிறுத்தக் கூடாது, உடனே கீழே இறங்குங்கள் என்று ஓட்டுநரை அதட்டினாராம். அந்த உயரத்தில் காற்று மெலிவு. கீழே இறங்க இறங்கத்தான் மூச்சு சீராகும். இரண்டு மணி நேரம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். "ஸ்டெதஸ்கோப்பை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று நினைத்திருந்தேன். பைக்கு அடியில் இருக்கிறது" என்று அட்டையின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார். அழுகை திரும்பி வந்ததா என்று எழுதவில்லை.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் முறுக்கும் கேக்கும் சாப்பிட நாங்கள் ஐந்து பேர் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அப்பா முன்னறையில் தங்கையின் பள்ளி அட்லஸைத் தொடைமேல் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் நவம்பர் மாதத்து அஞ்சலட்டை. எங்களைக் கண்டதும் மூட நினைத்தவர், மூடாமல், "ஏம்மா, இந்த மாஜுலி எங்கே இருக்கிறது? உங்கள் புத்தகத்தில் காணோமே" என்றார். ஐந்து தலைகளும் குனிந்தோம். அஸ்ஸாமைக் கண்டுபிடித்தோம். பிரம்மபுத்திராவைப் பிடித்துக்கொண்டு ஜோர்ஹாட் வரை விரலை ஓட்டினோம். ஆற்றின் நடுவே இருக்கும் தீவு அது, அட்லஸில் பெயர் போட இடமில்லை என்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த நீலக் கோட்டின்மேல் சிறிய புள்ளி ஒன்று வைத்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். லே நகரின் பக்கத்திலும் ஒரு பென்சில் புள்ளி ஏற்கெனவே இருந்தது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி